பாய் வள்ளத்தில் முதல் மோட்டார்: கடலில் இறக்குமுன் கரையில் முடிக்க வேண்டியவை

மோட்டார் வீட்டுக்கு வந்த அன்றே அதைப் பின்பலகையில் மாட்டிக் கடலில் இறக்கக் கை பரபரக்கும். இறக்காதீர்கள். பாயில் ஓடுவதற்கென்று கட்டிய வள்ளத்தைப் பாய்மரம்தான் இழுக்கிறது. அந்த விசை வள்ளத்தின் நடுப்பகுதியில் பரவி விழும். மோட்டார் தள்ளும்போதோ மொத்த விசையும் பின்பலகையின் மேல்விளிம்பில் ஒரு சாண் அகலத்தில் வந்து விழுகிறது. போதாததற்கு எடையும் அங்கேயே. முதல் ஓட்டத்தில் ஆபத்தில் மாட்டுகிற சிறு வள்ளங்களில் பெரும்பாலும் மோட்டார் நன்றாகவே இருக்கும். அதைத் தாங்கும் இடம்தான் பலமில்லாமல் இருக்கும்.

உவரி, கூடுதாழை, கூட்டப்பனை, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி போன்ற கரைகளில் 12 முதல் 16 அடி வரையுள்ள சிறு பைபர் பாய் வள்ளத்துக்கு முதல்முறையாக மோட்டார் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். பெரிய வள்ளத்தில் 9.9 குதிரைத்திறன் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும்.

1. எந்த மோட்டார், எவ்வளவு திறன்

பக்கத்து வள்ளத்தில் 9.9 இருக்கிறது என்பதற்காக நீங்களும் அதை வாங்க வேண்டாம். தண்ணீரைக் கிழித்து மிதந்து போகும் வள்ளத்துக்கு அதன் நீளமே வேக எல்லை. நீர்மட்டத்தில் 14 அடி நீளமுள்ள வள்ளம் மணிக்கு ஏறத்தாழ 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டர் சொச்சம் போகும். அதற்கு மேல் திறனைக் கூட்டினால் வேகம் கூடாது. பின்பக்கம் அமுங்கி, அணியம் (முன்பக்கம்) தூக்கி, தண்ணீரை வாரிக்கொண்டு போகும். 14 அடிக்கு 2.5 முதல் 4, 16 அடிக்கு 4 முதல் 6 குதிரைத்திறன் தாராளம்.

எடையையும் பாருங்கள். 2.5 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சுமார் 17 கிலோ. 4 முதல் 6 வரை உள்ளவை 25 கிலோவை ஒட்டி வரும். 9.9 வாங்கினால் 35 கிலோவைத் தாண்டிவிடும்.

கடைக்குப் போகுமுன் அளக்க வேண்டியது பின்பலகையின் உயரம். மேல்விளிம்பின் நடுவிலிருந்து வள்ளத்தின் அடிவரை நேர்செங்குத்தாக டேப் வைத்து அளங்கள். 15 அங்குலத்தை ஒட்டி வந்தால் ஷார்ட் ஷாஃப்ட், 20 அங்குலத்தை ஒட்டி வந்தால் லாங் ஷாஃப்ட். பின்பலகை சாய்ந்திருந்தால் சாய்வோடு சேர்த்து அளக்காதீர்கள், கணக்கு தப்பும். இரண்டுக்கும் நடுவில் அளவு வந்தால் நம் கடலுக்கு லாங் ஷாஃப்ட்தான் சரி. அலையில் பின்பக்கம் தூக்கும்போது ஷார்ட் ஷாஃப்டின் விசிறி காற்றில் சுற்றி அலறும்.

2. காகிதம்

வள்ளம் மீன்பிடிப் படகாகப் பதிவாகியிருந்தால், அது மோட்டார் இல்லாத படகு என்ற வகையில் இருக்கும். மோட்டார் போட்டதும் வகை மாறுகிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இன் கீழ் பதிவும் உரிமமும் உங்கள் கரைக்குரிய மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில்தான். விண்ணப்பம் படகுப் பதிவுக்கான ரியல்கிராஃப்ட் இணையதளம் வழியாகப் போகும். ஐஎன்டி - டிஎன் என்று தொடங்கும் பதிவு எண்ணின் நடுவில் வரும் எம்ஓ என்ற இரண்டு எழுத்து மோட்டார் பொருத்திய நாட்டுப் படகைக் குறிக்கும். எம்எம் என்றிருந்தால் அது விசைப்படகு. எழுத்து மாறி விழுந்தால் தடைக்காலத்திலும் எண்ணெய் மானியத்திலும் சிக்கல் வரும். சான்று கைக்கு வந்ததும் அந்த இடத்திலேயே நின்று படித்துப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: வள்ளம் கட்டிய யார்டின் ரசீது (பழைய வள்ளம் என்றால் விற்றவரின் பதிவுச் சான்றும் கைமாற்றுக் கடிதமும்), மோட்டார் பில், ஆதார், குடும்ப அட்டை, மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, வங்கிப் புத்தக நகல், வள்ளத்தின் புகைப்படங்கள்.

அதிகம் பேர் அலைவது மோட்டார் பில்லால். பில்லில் இருக்கும் வரிசை எண்ணும் மோட்டாரில் அடித்திருக்கும் எண்ணும் ஓரெழுத்துக்கூடப் பிசகக் கூடாது. எண் பெரும்பாலும் கிளாம்ப் பக்கத்தில் சிறு தகட்டில் இருக்கும். கடையை விட்டு வெளியே வருமுன் அதைப் போனில் படம் எடுத்து பில்லோடு ஒப்பிடுங்கள். பழைய மோட்டார் வாங்குகிறவர்கள் விற்பவர் பெயரில் இருக்கும் முதல் பில்லையும் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையில் கைமாறிய மோட்டாருக்குப் பதிவு கிடைக்காது.

மானிய விலையில் வெளிப்பொருத்து மோட்டார் தரும் திட்டம் அவ்வப்போது வரும். அதை நம்பியிருந்தால் முதலில் மோட்டார் வாங்கிவிடாதீர்கள். விண்ணப்பம், ஒப்புதல், பிறகு வாங்குவது என்பதுதான் வரிசை. முந்தி வாங்கிய பில்லைக் காட்டி மானியம் கேட்க முடியாது. ஆய்வாளர் வள்ளத்தை நேரில் பார்க்க வருவார், அன்றைக்கு வள்ளம் கரையில் இருக்க வேண்டும். தை, மாசியில் ஓட்ட நினைப்பவர்கள் ஐப்பசியிலேயே காகித வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

3. பின்பலகை

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். ஒரு சின்னச் சுத்தியலின் மரப்பிடியால் பின்பலகை முழுக்கத் தட்டுங்கள். 'டக் டக்' என்று இறுக்கமாகக் கேட்டால் நல்லது. 'பொத் பொத்' என்றால் பைபருக்குள் இருக்கும் பிளைவுட் ஊறியிருக்கிறது. சுக்கான் கொளுத்து போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தால் சந்தேகமே வேண்டாம். ஊறிய பலகைமேல் புதுப் பலகை ஒட்டுவது வீண். உள்பக்கப் பைபரை வெட்டி, அழுகிய பலகையை எடுத்து, காயவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். இது ஓடாவி (படகு கட்டும் தச்சர்) அல்லது பைபர் வேலை தெரிந்தவரின் வேலை.

பலகை நன்றாக இருந்தாலும் வலுவூட்டுவது அவசியம். 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் ஒன்றை உள்பக்கம் முழு அகலத்துக்கும் ஒட்டி, மேட் எனும் கண்ணாடியிழை விரிப்பும் ரெசினும் போட்டு மூடுங்கள். வெளிப்பக்கம் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் ஓரடிச் சதுரத்தில் 12 மில்லிமீட்டர் பலகை போதும். மொத்தத் தடிமன் கிளாம்ப் வாய்க்குள் அடங்குமா என்று முன்னாலேயே பாருங்கள். பல சிறு மோட்டார்களில் 50 மில்லிமீட்டரைத் தாண்டினால் மாட்ட இடமிருக்காது. பின்பலகையிலிருந்து இரு பக்கச் சுவருக்கும் முக்கோண முட்டுக்கட்டை வைத்துப் பைபர் போடுங்கள். மோட்டார் வேகமெடுக்கும்போது பலகை முன்னும் பின்னும் ஆடாமல் தடுப்பது இந்த இரண்டு முட்டுகள்தான். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பைபர் வேலையில் நம்மூர் வெயில் ஒரு வம்பு. பழைய பரப்பை 40 அல்லது 60 எண் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்த பிறகே ரெசின் ஒட்டும். சாதாரண பாலியெஸ்டர் ரெசினுக்குக் கடினமாக்கி 1 முதல் 2 சதவீதம், அதாவது கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. உச்சி வெயிலில் 2 சதவீதம் ஊற்றினால் வாளியிலேயே புகைந்து இறுகிவிடும். காலை 8 மணிக்கு முன்பு, 1 சதவீதத்தில், அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கலக்குங்கள். தொட்டால் இறுகியதுபோல் தோன்றினாலும் ஒரு வாரம் மோட்டாரை மாட்டாதீர்கள்.

புதிதாகப் போடும் ஒவ்வொரு துளையின் உட்சுவரிலும் ரெசின் தடவி அடைத்துவிட்டுத்தான் போல்ட் போட வேண்டும். போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், 8 மில்லிமீட்டர், இரு பக்கமும் அகல வாஷரோடு. 304 ரகம் விலை குறைவு, ஆனால் உப்புத் தண்ணீரில் சீக்கிரமே துரு ஒழுகும்.

மோட்டாரை எங்கே வைப்பது? நட்ட நடுவில் சுக்கான் இருக்கும். எனவே சுக்கானிலிருந்து ஒரு பக்கமாக 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். மாட்டிவிட்டு, மோட்டாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். விசிறி சுக்கானைத் தொடவே கூடாது. மோட்டாரை மேலே தூக்கிய நிலையிலும் பாயின் கயிறும் கீழ்ப்பருமலும் (பாயின் அடிக்கழி) அதில் சிக்காமல் போய்வருகிறதா என்று பாயை ஏற்றிப் பாருங்கள்.

உயரம் சரியா என்று தெரிய ஓர் அளவு உண்டு. விசிறிக்கு மேலே கிடையாக ஒரு தகடு இருக்கும். அது வள்ளத்தின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் தாழ்ந்தோ இருக்க வேண்டும். அதற்கு மேலே இருந்தால் காற்றை உறிஞ்சும். கீழே போனால் தண்ணீர் எகிறி உள்ளே அடிக்கும்.

கிளாம்ப் திருகுகளைக் கையால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம். ஆனால் கிளாம்பை மட்டும் நம்பாதீர்கள். மோட்டாரின் கைப்பிடி வளையத்திலிருந்து வள்ளத்தின் பலமான ஒரு கொளுத்துக்கு 8 மில்லிமீட்டர் கயிறு ஒன்று கட்டாயம். திருகு தளர்ந்து கடலடிக்குப் போன மோட்டாருக்கு உத்தரவாத அட்டை உதவாது.

4. எடையைச் சமன்செய்வது

25 கிலோ மோட்டார், 10 லிட்டர் எண்ணெய் டேங்க் 10 கிலோ, ஓட்டுகிறவர் 65 கிலோ: நூறு கிலோ பின்பக்கத்து ஓரடிக்குள் விழுகிறது. சிறு அலை பின்னால் ஏறினால்கூட உள்ளே தண்ணீர் வரும்.

டேங்கை நடுவுக்கு முன்னே கொண்டுபோய்க் கட்டுங்கள். ரப்பர் குழாய் எட்டாவிட்டால் நீளமாக வாங்குங்கள். நங்கூரமும் கயிறும் அணியத்தில். மோட்டார் கைப்பிடியில் இரண்டடி பிவிசி குழாய் ஒன்றை இறுக்கமாகச் செருகினால் ஓட்டுகிறவரும் முன்னே தள்ளி உட்காரலாம். காசு அதிகமில்லாத இந்த ஒரு மாற்றம் வள்ளத்தின் நடையையே மாற்றும். குழாய் வழுக்காமல் கிளிப் போடுங்கள். வழுக்கினால் வேகத்தைக் குறைக்க வழியில்லாமல் போகும்.

மிதவைக்குக் காலியான 20 லிட்டர் கேன்கள், மூடி இறுக்கியவை. ஒரு கேன் சுமார் 20 கிலோவைத் தூக்கும். பின்பக்கப் பலகைக்கு அடியில் இரண்டு, முன்னே ஒன்று என்று இறுகக் கட்டுங்கள். எல்லாவற்றையும் முன்னே வைத்தால், வள்ளம் நிரம்பும்போது மோட்டார் பக்கம் முதலில் மூழ்கி அணியம் வானத்தைப் பார்க்கும்.

5. எண்ணெய், கலவை, செலவு

டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்குப் பெட்ரோலோடு டிசி-டபிள்யூ3 ரக மரைன் ஆயில் கலக்க வேண்டும். பைக்குக்குப் போடும் டூ ஸ்ட்ரோக் ஆயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது, ஆகாது. பல மோட்டார்களில் வழக்கமான கலவை 50-க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. புது மோட்டாருக்கு முதல் 10 மணி நேரம் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. கால் கேன் பெட்ரோலில் ஆயிலை ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதியை நிரப்புங்கள். நேரே டேங்கில் ஊற்றினால் ஆயில் அடியில் தங்கி பிளக்கை நனைத்துவிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலவை கிடையாது. ஆனால் பெட்டியிலிருந்து எடுக்கும் புது ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரில் எஞ்சின் ஆயில் பெரும்பாலும் இருக்காது. ஊற்றாமல் கயிறை இழுத்தால் அன்றோடு முடிந்தது.

மண்ணெண்ணெயில் ஓடும் ரகம் என்றால் பெட்ரோலில் கிளப்பிச் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பு மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். மறந்தால் மறுநாள் கிளம்பாது. முதல் ஓட்டத்துக்குப் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள்.

இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் இரண்டு மூன்று வாரம் கிடந்த எண்ணெயில் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும். ஓடுகிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள். பிளாஸ்டிக் கேனில் தர மறுக்கும் பங்க்குகள் உண்டு, உலோக கேன் கொண்டுபோங்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் 30 லிட்டர் வரைதான் பெட்ரோல் வைக்கலாம்.

4 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் முக்கால் வேகத்தில் மணிக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் குடிக்கும். அதே அளவு டூ ஸ்ட்ரோக் இன்னும் கூடுதலாக. பழக்கும் 10 மணி நேரத்துக்கு 15 முதல் 20 லிட்டர் எடுத்துவையுங்கள். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது, எனவே எண்ணெய்க்கு மட்டும் இரண்டாயிரத்தைத் தொடும். டூ ஸ்ட்ரோக் என்றால் 20 லிட்டருக்கு 800 மில்லி ஆயில் சேரும். மோட்டார் விலையை மட்டும் கணக்குப் போட்டு வருகிறவர்கள் பின்பலகை வேலைக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் காசில்லாமல் நின்றுவிடுகிறார்கள். அந்த இரண்டுக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு மீதியில் மோட்டார் வாங்குங்கள்.

6. டிரம் சோதனை

மேல்வாய் வெட்டிய 200 லிட்டர் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, கிடைத்தகடு மூழ்குமளவு மோட்டாரை இறக்கிக் கட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் சில விநாடி ஓட்டினாலும் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் சுழலி) கருகும்.

நியூட்ரல், டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறப்பு, குழாயின் ரப்பர் பந்தை இறுகும்வரை அழுத்துவது (பந்தின் அம்புக்குறி மோட்டாரைப் பார்க்க வேண்டும்), சோக், பிறகு கயிறு. இந்த வரிசையைப் பத்து முறை செய்து கை பழகட்டும். கிளம்பி ஐந்து பத்து நிமிடத்தில் எஞ்சின் திணறி நின்றால் பாதிக்குப் பாதி அந்தக் காற்றுத் திருகைத் திறக்க மறந்ததுதான். பிளக்கைக் கழற்றுமுன் அதைப் பாருங்கள்.

கிளம்பியதும் பின்னால் சிறு துளை வழியே தண்ணீர் பீச்ச வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். உள்ளே வருகிற வழியில் அடைப்பு, இல்லையென்றால் இம்பெல்லர். மெதுவேகத்தில் 10 நிமிடம் ஓட்டியபின், மணிக்கட்டில் மாட்டும் சிவப்புக் கயிறைப் பிடுங்கிப் பாருங்கள். எஞ்சின் அந்த நொடியே நிற்க வேண்டும். பழைய மோட்டார் என்றால் அடியில் உள்ள கியர் ஆயிலையும் கொஞ்சம் வடியுங்கள். பால்போல் வெளுத்திருந்தால் சீல் போயிருக்கிறது, கடலுக்குப் போகாது.

7. நாளும் இடமும்

மாசி, பங்குனி விடியற்காலை நல்லது. ஆனி முதல் ஆவணி வரை வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று (மேற்குக் காற்று) நம் கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கரையோரம் தண்ணீர் தட்டையாக, ஏமாற்றும் அமைதியோடு தெரியும். ஒரு மைல் தள்ளி எஞ்சின் நின்றால் காற்று வெளியே கொண்டுபோய்விடும். அமைதியான பங்குனி, சித்திரையிலும் கள்ளக்கடல் உண்டு, தூரக் கடலில் கிளம்பிக் காற்றில்லாமலே திடீரென்று கரையில் எழும் பேரலை அது. ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் திருநெல்வேலி கடற்கரைக்குத் தனியாக எச்சரிக்கை விடும். காற்றே இல்லாவிட்டாலும் அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் இறக்காதீர்கள்.

வள்ளத்தைத் தூண்டில் வளைவின் (கடலுக்குள் நீளும் கல்தடுப்பு) மறைவில் இறக்குவது சுலபம். ஊர்க் கமிட்டியிடம் முதல்நாளே சொல்லிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கரை காலியாக இருக்கும், இடம் தாராளம் என்று தோன்றும். அன்று கடலில் உங்களை இழுத்துவர ஒரு வள்ளமும் இருக்காது. வேலை நாளே மேல்.

பாறைகளைத் தெரிந்தவரை ஒருவராவது கூட்டிப்போங்கள். 2023 செப்டம்பரில் அணுமின் நிலையத்துக்கு நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றிவந்த பெரிய மிதவையே கூடங்குளம் அருகே பாறையில் தட்டி நின்றது. அணுமின் நிலைய முகப்புக் கடல் பாதுகாப்புப் பகுதி, அந்தப் பக்கமே திருப்பாதீர்கள்.

கடலுக்குப் பயந்து மணிமுத்தாறு, பாபநாசம் அணைகளிலோ கூந்தன்குளத்திலோ ஓட்டிப் பார்க்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அணைகளுக்கு நீர்வளத் துறை, வனத் துறைகளின் அனுமதி வேண்டும், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

8. முதல் ஓட்டம்

உள்ளே இருக்க வேண்டியவை: ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் (போட்டுக்கொண்டு, கட்டிவைத்தல்ல), இரண்டு துடுப்பு, பாயும் பாய்மரமும், நங்கூரமும் 30 மீட்டர் கயிறும், தண்ணீர் இறைக்க வெட்டிய கேன், உபரி பிளக்கும் பிளக் ஸ்பேனரும், விசிறியின் ஷியர் பின் (விசிறி எதிலாவது தட்டினால் உடைந்துகொடுக்கும் ஊசி) இரண்டு, இடுக்கி, கிளப்பும் கயிறுக்கு மாற்று, குடிநீர், உறையில் போட்ட போன். போனில் 1554 கடலோரக் காவல்படை, 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம். திரும்பும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வள்ளத்தின் தண்ணீர் வடியும் துளையை அடைக்கும் அடித் தக்கையைத் தொட்டுப் பாருங்கள்.

மோட்டாரைத் தூக்கிவைத்த நிலையில் துடுப்பால் மடியலை (கரையோரம் மடிந்து உடையும் அலை) தாண்டி, இடுப்பளவுக்கு மேல் ஆழம் வந்தபிறகு இறக்கிக் கிளப்புங்கள். ஆழமில்லாத இடத்தில் கிளப்பினால் பம்புக்குள் மணல் போகும். அடியில் இறக்கும் நடுப்பலகை இருந்தால் பாதி இறக்குங்கள், பக்கக்காற்றில் அணியம் அலையாது. சுக்கானை நேராகக் கட்டிவிட்டு மோட்டாராலேயே திருப்புங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துத் திணறுவது முதல் நாள் எல்லோரும் செய்வது.

காற்றை எதிர்த்து முதலில் போங்கள், எஞ்சின் நின்றால் காற்றே திருப்பிக் கொண்டுவரும். கரைக்கு இணையாக, அரைக் கிலோமீட்டருக்குள். முதல் 10 நிமிடம் கியரில் மெதுவேகம், அந்த மணி நேரம் முழுக்கப் பாதி வேகத்துக்கு மேல் வேண்டாம். இரண்டாம் மணி நேரத்தில் முக்கால். 10 மணி நேரம் முடியும்வரை முழு வேகத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். 15 நிமிடம் ஆனதும் கிளாம்ப் திருகைத் தொட்டுப் பாருங்கள். புதுப் பலகை நசுங்கி ஒரு சுற்றாவது தளர்ந்திருக்கும்.

நடுவில் நீங்களே எஞ்சினை நிறுத்திவிட்டு, 200 மீட்டர் பாயிலோ துடுப்பிலோ திரும்பி வந்து பாருங்கள். மோட்டார் தொங்கும்போது வள்ளம் பாய்க்கு எப்படி நடக்கிறது என்று அன்றே தெரிய வேண்டும். எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. முதல் பங்கு தீர்ந்தவுடன் திரும்புங்கள், மீன் பாய்ந்தாலும்.

9. கரைக்கு வந்ததும்

அதே டிரம்மில் நல்ல தண்ணீரில் 10 நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். கார்புரேட்டர் அடித் திருகைத் திறந்து மிச்ச எண்ணெயை வடியுங்கள். மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து, உலோகப் பாகங்களில் லேசாகத் துரு தடுக்கும் எண்ணெய் அடியுங்கள். அடியில் இருக்கும் சாம்பல்நிறத் துத்தநாகக் கட்டிக்கு அழகுக்காகப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். உப்பு முதலில் அதைத் தின்ன வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

பின்பலகையை மறுபடி தட்டிப் பாருங்கள், முட்டுக்கட்டைகளின் ஓரத்தில் முடிபோல வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அடுத்த ஓட்டத்துக்கு முன் தேய்த்து மேட் போடுங்கள். ஓடிய மணி நேரத்தை டேங்கின் மேல் மார்க்கரால் எழுதிவாருங்கள். 10 முதல் 20 மணி நேரத்துக்குள் கியர் ஆயிலும், ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எஞ்சின் ஆயிலும் முதல்முறை மாற்ற வேண்டும். பழைய கியர் ஆயிலை ஒரு கண்ணாடிக் கிளாஸில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் மெல்லிய உலோகப் பொடி இருந்தால் புது மோட்டாருக்கு அது சகஜம். தூளாக, விரலில் நெருடுகிற அளவுக்கு இருந்தால் உத்தரவாதம் முடியுமுன் அந்தக் கிளாஸோடு கடைக்குப் போங்கள்.